கட்டி எடுத்த வாரம்

மலேசியாவில், கோத்தா திங்கியிலிருந்து உள்ளே தள்ளி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எண்ணெய் ஆலை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் கஸ்தூரி பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆலைக்குள் போய், சூடாக வரும் எண்ணெயைப் போத்தலில் பிடித்து வந்து, அதில் அமிலம் எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். முப்பத்தேழு வயது. கணவன் திருச்செல்வம் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் வெல்டர். விடியும் முன்பே மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போய், விளக்கு வைத்த பிறகு திரும்புகிறவன். கல்யாணமாகி ஒன்பது வருடம். பிள்ளை இல்லை.

மூன்று வருடமாக அவளுக்கு மாதவிலக்கு வந்தால் பத்து நாள், பன்னிரண்டு நாள் நிற்காது. அந்த நாட்களில் முதல் காரியமாகக் கழிவறை எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் எந்த இடத்திலும் உட்காருவாள். கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினாள். கோயிலுக்குப் போவது தானாக நின்றுபோனது. கேட்டவர்களிடம் ஷிஃப்ட் வேலை என்றாள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கிளினிக்குக்குப் போயிருக்கிறாள். யாருக்கும் தெரியாமல், தனியாக. அங்கிருந்த டாக்டர் ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே, "கர்ப்பப்பையில கட்டி. எடுத்துட்டா நல்லது" என்றார். கட்டியையா என்று கேட்டாள். கர்ப்பப்பையையே என்றார். அவள் எழுந்து வெளியே வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து சோறு வடித்தாள், மீன் குழம்பு வைத்தாள், புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமலிருக்கும் வரைக்கும் அது நடக்காது என்று எப்படியோ ஒரு எண்ணம்.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, ஆலையின் இரும்புப் படியில் போத்தல்களோடு இறங்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழுந்திருப்பாள். பின்னால் வந்த காக் ரோஹானா அவளுடைய வெள்ளைக் கோட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டார். ரோஹானாவுக்கு ஐம்பது வயதிருக்கும். பரிசோதனைக் கூடத்தில் மூத்தவர், எல்லாருக்கும் காக், அதாவது அக்கா. கஸ்தூரியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"வெள்ளையா இருக்கு, தூரி. எத்தனை நாளா இப்படி?" என்று மலாயில் கேட்டார்.

அதுவரை யாரிடமும் சொல்லாததைக் கஸ்தூரி அந்தப் படியிலேயே உட்கார்ந்து சொன்னாள். ரோஹானா கேட்டு முடித்துவிட்டு, தன் சட்டையின் ஓரத்தை லேசாகத் தூக்கித் தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தழும்பைக் காட்டினார்.

"எனக்கும் இருந்துச்சு லா. நாலு வருஷம் ஆச்சு. கட்டியை மட்டும் எடுத்தாங்க, பை இருக்கு. உனக்கு யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. அவளும் யாரையும் கேட்கவில்லை.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது திருச்செல்வத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கோபப்படுவான் என்று நினைத்திருந்தாள். அவன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு வெகுநேரம் கையைக்கூடக் கழுவாமல் இருந்தான்.

"ரெண்டு வருஷமா? பக்கத்துலதான படுத்திருந்தேன்" என்றான்.

ஜொகூர் பாருவிலுள்ள அரசாங்க மருத்துவமனையில் அவளைப் பார்த்தவர் டாக்டர் லோஷினி. ரத்தப் பரிசோதனையில், ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருக்க வேண்டியது ஆறு புள்ளி எட்டு. ஸ்கேனில் ஒன்பது சென்டிமீட்டரில் ஒரு கட்டி. "இந்த ரத்தத்தோட நீங்க மாடிப்படி ஏறினதே பெரிய விஷயம்" என்றார் டாக்டர். உடனே கத்தி வைக்க முடியாது, முதலில் ரத்த அளவை உயர்த்த வேண்டும் என்று இரும்புச் சத்தை நரம்பு வழியாக இரண்டு முறை ஏற்றினார்கள். ரத்தப்போக்கை நிறுத்தவும் கட்டியைக் கொஞ்சம் சுருக்கவும் மாதம் ஒரு ஊசி, மூன்று மாதம். அந்த ஊசியால் அவளுக்குக் காது மடல் வரை சூடேறும், நடு வேலையில் வேர்த்துக் கொட்டும். ஆனால் ரத்தம் நின்றது. அந்த மூன்று மாதமும் அவளுக்கு ஒரு விடுமுறை போலிருந்தது.

அறுவைக்கு முன் டாக்டர் லோஷினி அவளையும் திருச்செல்வத்தையும் உட்கார வைத்து விளக்கினார்.

"தொப்புள்கிட்ட ஒண்ணு, அடிவயித்துல மூணு, மொத்தம் நாலு ஓட்டை. பெருசா ஒண்ணும் இல்ல, ஒவ்வொண்ணும் உங்க விரல் நகம் அளவு. வயித்துக்குள்ள காத்து நிரப்பி உப்ப வெப்போம், அப்பதான் உள்ள வேலை பாக்க இடம் கிடைக்கும். ஒரு ஓட்டையில கேமரா, மத்ததுல கருவி. நீங்க செம்பனை ஆலையிலதான வேலை? குலையிலேருந்து பழத்தைப் பிரிக்கிற மாதிரிதான். கட்டியைப் பிரிச்சு எடுத்துட்டு, அது இருந்த இடத்தை உள்ளயே தைச்சிடுவேன்."

"அவ்ளோ பெருசு அந்தச் சின்ன ஓட்டையில எப்படி டாக்டர் வரும்?" என்றான் திருச்செல்வம். வெல்டர் அல்லவா, அவனுக்கு அளவுதான் முதலில் கண்ணில் படும்.

"முழுசா வராது. உள்ளயே ஒரு பையில போட்டு, துண்டு துண்டா நறுக்கி எடுப்போம்."

கஸ்தூரிக்கு ஒரே ஒரு கேள்விதான். மூன்று மாதமாக அதைத்தான் நெஞ்சில் சுமந்துகொண்டிருந்தாள். "கண் முழிக்கும்போது கர்ப்பப்பை இருக்குமா?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "இருக்கணும்னுதான் நான் உள்ள போறேன். ஆனா ரத்தம் கட்டுக்குள்ள வரலைன்னா வயித்தைத் திறக்க வேண்டி வரலாம். ரொம்ப அபூர்வமா, உயிரைக் காப்பாத்த கர்ப்பப்பையை எடுக்கவும் வேண்டி வரலாம். அது நடக்கவே நடக்காதுன்னு என்னால வாக்குக் குடுக்க முடியாது. அது என் கடைசி வழி. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

பொய்யாக ஒரு தைரியம் சொல்லியிருந்தால் கஸ்தூரி நம்பியிருக்க மாட்டாள். கையெழுத்துப் போட்டாள்.

அதற்குப் பிறகுதான் துணைக்கு யார் இருப்பது என்ற பேச்சு வந்தது. பெண்கள் வார்டில் உடன் தங்க ஆண்களை விட மாட்டார்கள். கஸ்தூரியின் அம்மா பாலோவில் இருந்தார். முட்டிவலி, பத்தடி நடக்க முடியாது. காக் ரோஹானா வருகிறேன் என்றார், ஆனால் கஸ்தூரி விடுப்பில் போனால் அவளுடைய வேலையையும் அவர்தான் பார்க்க வேண்டும்.

"மலர் அக்காகிட்ட சொல்லிட்டேன். வர்றேன்னு சொல்லிட்டாங்க" என்றான் திருச்செல்வம், செருப்பு மாட்டிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல்.

"என்னைக் கேக்காம எப்படிச் சொல்லலாம் நீங்க?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவ."

அது உண்மை. மலர் அவனுக்கு மூத்தவள், பொந்தியானில் இருப்பவள், ஐம்பத்து மூன்று வயது. ஆறு வருடமாகக் கஸ்தூரி அந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. மலரின் மகளுக்கு வளைகாப்பு நடந்தபோது, வளையல் தட்டைத் தூக்கிக்கொண்டு கஸ்தூரிதான் முன்னால் போனாள். கூடம் நிறைய ஆட்கள். மலர் குறுக்கே வந்து, "நீ குடு, நான் பாத்துக்கறேன்" என்று தட்டை வாங்கி இன்னொருத்தியிடம் கொடுத்தாள். அந்த இன்னொருத்திக்கு மூன்று பிள்ளைகள். கஸ்தூரி கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள். சாப்பிடாமல் கிளம்பி வந்தவள்தான்.

அறுவைக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, மலர் நேராக மருத்துவமனைக்கே வந்து சேர்ந்தாள். ஒரு பை, ஒரு தலையணை, ஃபிளாஸ்க். "நல்லாருக்கியா?" என்றாள். "இருக்கேன் அண்ணி" என்றாள் கஸ்தூரி. வார்டில் பக்கத்து நாற்காலியில் மலர் உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் காலை வரை இருவரும் பேசியது பத்து வார்த்தை இருக்காது.

காலை ஏழரைக்கு மிஸ்ஸி, அதாவது வார்டு நர்ஸ், வந்து, வளையல், தோடு, தாலி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள். தாலியைக் கடைசியாகக் கழற்றினாள். மலர் அதை வாங்கித் தன் கழுத்திலிருந்த சங்கிலியிலேயே கோத்து ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள். "பையில வெச்சா பயம். இங்க இருக்கட்டும்" என்றாள்.

அறுவை அறை குளிராக இருந்தது. மயக்க மருந்து கொடுப்பவர் மலாய் இளைஞர். எங்கே வேலை, என்ன வேலை என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எண்ணெயில் அமிலம் அதிகமானால் என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்டதும், அவள் பதில் சொல்ல வாயைத் திறந்ததும் நினைவிருந்தது. பதில் சொன்னாளா என்று தெரியாது.

கண் விழித்தபோது தொண்டை வறண்டு, உதடு ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு இயந்திரம் கீச்சென்று ஒலித்தது. மறுபடி உறங்கிப்போனாள். மறுமுறை விழித்தபோது வார்டுக்கு வந்திருந்தாள். தலைமாட்டில் ஒரு முகம் குனிந்திருந்தது. அவள் வாயைத் திறக்கும் முன்னாலேயே மலர் பேசினாள்.

"இருக்கு கஸ்தூரி. உன் கர்ப்பப்பை பத்திரமா இருக்கு. டாக்டரம்மா வெளிய வந்ததும் நான் அதைத்தான் மொதல்ல கேட்டேன். வயித்தையும் திறக்கல. நாலு ஓட்டைதான்."

கஸ்தூரிக்குக் கண்ணோரமாக நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைக்கக் கை வரவில்லை. மலர் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

இரண்டு மணி நேரம் என்று சொன்ன அறுவை நாலேகால் மணி நேரம் ஆகியிருந்தது. ஸ்கேனில் தெரிந்த கட்டிக்குப் பின்னால் எலுமிச்சை அளவில் இன்னும் இரண்டு ஒளிந்திருந்தன. அதில் ஒன்றை எடுக்கும்போது ரத்தம் போக, ஒரு பை ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. அதையெல்லாம் சாயந்தரம் டாக்டர் லோஷினி வந்து சொன்னார். வேறு யாராயிருந்தாலும் பாதியில் வயிற்றைத் திறந்திருப்பார்கள் என்று மிஸ்ஸி பிறகு மெதுவாகச் சொன்னாள். டாக்டர் அதைச் சொல்லவில்லை. கழுத்தைத் தடவிக்கொண்டு, "கொஞ்சம் நேரம் எடுத்துச்சு, அவ்வளவுதான்" என்றார். கஸ்தூரி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். என்ன சொல்வது என்று தெரியாமல், "சாப்டீங்களா டாக்டர்?" என்று கேட்டாள். டாக்டர் சிரித்துவிட்டார்.

சாப்பிடாதவள் மலர்தான். காலையில் வாங்கிய ரொட்டி பிரிக்காமல் பையிலேயே இருந்ததை, தண்ணீர்ப் போத்தல் எடுக்கப் போன திருச்செல்வம் பார்த்துவிட்டான். நாலேகால் மணி நேரமும் அக்கா அறுவை அறைக் கதவருகில் நின்றபடியே இருந்தார், உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை என்று கஸ்தூரியிடம் சொன்னான். பார்வை நேரம் முடிந்ததும் மனமில்லாமல் போனான்.

மறுநாள் காலை வலது தோளில் ஒரு வலி எடுத்தது. வயிற்றில் அல்ல, தோளில். மூச்சை இழுத்தால் குத்தியது. நெஞ்சு அடைக்கப் போகிறதோ என்று கஸ்தூரி பயந்துபோனாள். மலர் ஓடிப்போய் மிஸ்ஸியைக் கூட்டி வந்தாள். நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துவிட்டு மிஸ்ஸி, "இது காத்து. நேத்து வயித்துல நிரப்பினது கொஞ்சம் உள்ள தங்கியிருக்கும், அதான் தோள்ல வலிக்குது. எழுந்து நடந்தா போயிடும்" என்றாள். ரோஹானாவும் இதைச் சொல்லியிருந்தார், வலியில் மறந்துபோயிருந்தது.

சிறுநீர்க் குழாயை எடுத்த பிறகு மலர் அவளை எழுப்பினாள். ஒரு பக்கமாகப் புரண்டு, கையை ஊன்றி, காலைக் கீழே விட்டு, அப்புறம்தான் நிமிர வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். எப்படித் தெரியும் என்று கஸ்தூரி அப்போது கேட்கவில்லை. ஒரு கை சுவரில், ஒரு கை மலரின் தோளில். வார்டின் கோடி வரை போய்வர கால் மணி நேரம் ஆனது. மூன்றாவது நடையில், நடு வழியில், ஊரே கேட்கும்படி காற்றுப் பிரிந்தது.

கஸ்தூரி கூசிப்போய் நின்றாள். எதிர்க் கட்டிலில் இருந்த சீனப் பாட்டி தலையைத் தூக்கிப் பார்த்தார். மலர், "அலமாக்! தோள்ல இருந்து வந்துச்சா?" என்றாள்.

கஸ்தூரிக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்தால் தையல் இழுத்தது, இழுத்தால் வலித்தது, வலிக்க வலிக்கச் சிரிப்பு. "அண்ணி, வேணாம், சிரிக்க வெக்காதீங்க, செத்துருவேன்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மலர் பொந்தியானிலிருந்து தூக்கி வந்த தலையணையை எடுத்து வந்து அவள் வயிற்றில் அழுத்திப் பிடித்தாள். "இப்படி வெச்சுக்கிட்டுச் சிரி. இருமினாலும் இப்படித்தான். இதுக்குத்தான் கொண்டாந்தேன்."

அப்போதுதான் கேட்டாள். "உங்களுக்கு எப்படி அண்ணி இதெல்லாம் தெரியும்?"

மலர் அவளைக் கட்டிலுக்குக் கூட்டி வந்து உட்கார வைத்து, தானும் ஓரத்தில் உட்கார்ந்தாள். தலையணையின் ஓரத் தையலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"பதினாலு வருஷத்துக்கு முன்ன எனக்கு கர்ப்பப்பையையே எடுத்துட்டாங்க. இதே கட்டிதான். குறுக்கால கிழிச்சு. குடல்வால் ஆப்பரேஷன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், உன் புருஷனுக்கே தெரியாது. எங்க வீட்டுக்காரர் அப்ப லாரியில கிளந்தான் போயிருந்தார். பக்கத்துல யாரும் இல்ல. இந்த மாதிரி நடக்கணும்னப்ப, கட்டில் கம்பியப் புடிச்சுக்கிட்டு தனியா நடந்தேன்."

கஸ்தூரி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

"அன்னைக்கு வளைகாப்புல," என்றாள் மலர், "சம்பந்தி வீட்டு அம்மா ஒருத்தி என்னை அடுப்படிக்குக் கூப்ட்டு, தட்டை யாரு தூக்கறதுன்னு பாத்துச் செய்ங்கன்னு சொன்னாங்க. அவங்க வாயை நான் அடக்கியிருக்கணும். பயந்துட்டேன். பொண்ணு வாழற எடமாச்சேன்னு உன் கையிலேருந்து புடுங்கினேன். எனக்கே பை இல்ல, நான் போயி உன் கையிலேருந்து புடுங்கறேன் பாரு. தப்பு செஞ்சேன் கஸ்தூரி. போன் எடுப்பேன், வெச்சுருவேன். ஆறு வருஷம் ஓடிப்போச்சு."

ஆறு வருடத்தில் கஸ்தூரி இதற்கு எத்தனையோ பதில் தயார் செய்து வைத்திருந்தாள். மலரின் கழுத்தில் தன் தாலி இன்னும் கிடப்பதைப் பார்த்தாள். நேற்று முழுக்க அதோடுதான் அந்தக் கதவருகில் நின்றிருக்கிறாள்.

"எனக்கு ரொம்பக் கோவம் அண்ணி" என்றாள்.

"இருக்கும்."

"இப்ப அவ்வளவு இல்ல."

மலர் தலையாட்டினாள். "சரி, எழுந்திரு. இன்னொரு நடை போலாம்."

மூன்றாம் நாள் மலர் தாலியைத் திருப்பிக் கொடுக்க, கஸ்தூரி அதைப் போட்டுக்கொண்டதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு வாரம் கார் ஓட்டக் கூடாது, ஆறு வாரம் கனமான எதையும் தூக்கக் கூடாது, காயம் நனைந்துவிட்டால் ஒற்றி எடுக்க வேண்டும், காய்ச்சல் வந்தாலோ ரத்தப்போக்கு அதிகமானாலோ உடனே வர வேண்டும் என்று மிஸ்ஸி ஒவ்வொன்றாகச் சொன்னாள். மலர் ஊருக்குப் போவாள் என்று கஸ்தூரி நினைத்தாள். அவள் பையைத் தூக்கிக்கொண்டு கோத்தா திங்கி வீட்டுக்கே வந்து, பத்து நாள் இருந்தாள். தண்ணீர்ச் செம்பைக்கூடத் தூக்க விடவில்லை. திருச்செல்வம் துணி துவைத்தான். எல்லாச் சட்டையிலும் சாயம் ஏற்றிவைத்து அக்காவிடம் திட்டு வாங்கினான்.

சனிக்கிழமை காக் ரோஹானா விரால் மீன் சூப் கொண்டு வந்தார். புண் ஆற இதைவிட வேறு மருந்தில்லை என்பது அவர் கட்சி. மலர் முகர்ந்து பார்த்து, பூண்டு போதாது என்றாள். மலாயும் தமிழும் கலந்து இரண்டு பேரும் அடுப்படியில் நின்று அந்தச் சூப்பைத் திருத்தினார்கள். கஸ்தூரி சோபாவில் சாய்ந்தபடி அவர்கள் வழக்காடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை பேர் தனக்காக நிற்பார்கள் என்று தெரிந்திருந்தால் மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பாளா? பெயர் தெரியாத ஒருவரின் ரத்தம் வேறு உடம்பில் ஓடுகிறது. அது மலாய்க்காரரோ சீனரோ தமிழரோ, எந்த ஊரோ.

மலர் கிளம்பிய அன்று கஸ்தூரி வாசல் வரை நடந்தாள். சொந்தக்காரருக்கு நன்றி சொல்லிப் பழக்கமில்லை. அந்த வார்த்தை மேடைப் பேச்சு மாதிரி இருக்கும். "தேங்க்ஸ் அண்ணி" என்றாள்.

"அட போ லா" என்றாள் மலர், காரில் ஏறிக்கொண்டே.

ஆறு வாரம் கழித்து டாக்டர் லோஷினி பரிசோதனை முடிவைப் பார்த்தார். மூன்று கட்டியும் சாதாரணக் கட்டிதான், புற்று இல்லை. நாலு காயமும் ஆறி, செம்பழுப்புக் கோடுகளாக இருந்தன. ரத்தம் பதினொன்றரைக்கு ஏறியிருந்தது.

"உள்ள போட்ட தையல் நல்லா உரம் புடிக்கணும். ஆறு மாசம் பொறுங்க. அப்புறம் பிள்ளைக்கு முயற்சி பண்ணலாம். தங்கினா, சிசேரியன்தான் பாதுகாப்பு. கட்டி திரும்ப வராதுன்னும் சொல்ல முடியாது, வருஷா வருஷம் ஸ்கேன் பாக்கணும்."

பிள்ளை தங்கும் என்று அவர் சொல்லவில்லை. தங்காது என்றும் சொல்லவில்லை. கஸ்தூரிக்கு அது போதுமாக இருந்தது. "உங்களுக்கு எப்படி டாக்டர்…" என்று ஆரம்பித்தாள். இந்த முறை நன்றியைச் சொல்லி முடித்தாள். டாக்டர் ஒரு நிமிடம் எழுதுவதை நிறுத்தி, தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

காரில் ஏறியதும் திருச்செல்வம் வீட்டுப் பக்கம் திருப்பப் போனான்.

"பொந்தியான் போங்க" என்றாள் கஸ்தூரி.

"இப்பவா? அக்காவுக்குச் சொல்லலையே."

"சொல்லாமத்தான் போகணும். சொன்னா நாட்டுக்கோழி தேடிக் கெளம்பிருவாங்க."

ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். மலர் பின்புறம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். காரைப் பார்த்ததும் ஈரத் துணியோடு ஓடி வந்தவள், கஸ்தூரி தானே கதவைத் திறந்து இறங்குவதைப் பார்த்து அப்படியே நின்றாள். அப்புறம் கோபம் வந்தது.

"ஏன்டா தம்பி, அறிவிருக்கா? ஆறு வாரம்தான் ஆச்சு, இவ்ளோ தூரம் உக்கார வெச்சுக் கூட்டிட்டு வந்திருக்க?"

"அவதான் அக்கா…"

"அவ சொன்னா? நீ வாடி உள்ள. வெயில்ல நிக்காத. டாக்டரம்மா என்ன சொன்னாங்க? ஒண்ணு விடாம சொல்லு."

கஸ்தூரி செருப்பைக் கழற்றிவிட்டு, அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, சொல்லத் தொடங்கியபடியே உள்ளே போனாள்.